எரிந்துபோன குரல்: 'டிராகுலா'வை நாள்தோறும் கேட்டவர்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897 மே 26 அன்று லண்டனில் நூலாக வெளிவந்தது. அதற்கு எட்டு நாள் முன்பு, மே 18 காலையில், லைசியம் தியேட்டர் மேடையில் நடிகர்கள் அதை வாசித்தார்கள். ஸ்டோக்கர்தான் அந்த அரங்கின் நிர்வாகி. நாவலை வேறு யாரும் நாடகமாக்கிவிடாமல் உரிமையைக் காத்துக்கொள்ள, அன்றைய சட்டப்படி இப்படி ஒரு மேடை வாசிப்பு வேண்டியிருந்தது. மணிக்கணக்கில் நீண்ட அந்த வாசிப்புக்குக் காசு கொடுத்து வந்தவர்கள் இரண்டே பேர் என்பார்கள். கடைக்குப் போவதற்கு முன்பே கதை காதுக்குப் போய்விட்டது.

126 ஆண்டுகள் கழித்து, 2023இல், அதே நாவல் 'ரீ: டிராகுலா' என்ற பெயரில் பாட்காஸ்டாக வந்தது. நாவலில் எந்தத் தேதியிட்ட பதிவோ, அதே தேதியில் அந்தப் பதிவு ஒலிபரப்பாகும். மே 3 அன்று ஜோனதன் ஹார்க்கர் டிரான்சில்வேனியாவுக்குப் போகும் வழியில் எழுதிய டைரிக் குறிப்பில் தொடங்கி, நவம்பர் முதல் வாரம்வரை ஆறு மாதம் கதை ஓடியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடிகர். அவர்கள் பேசியது ஸ்டோக்கரின் சொற்களை.

கேட்டவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள், ஏன் அப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதே இந்த ஆய்வு. பழைய இலக்கியத்தை ஒலிவடிவில் கொண்டுவர நினைக்கிற எவருக்கும் இந்த நிகழ்வில் படிக்க நிறைய இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னணி

பாட்காஸ்டுக்கு முன்னோடி ஒரு மின்னஞ்சல் தொடர். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த மேட் கிர்க்லேண்ட் என்ற இணைய வடிவமைப்பாளர் 2021இல் அதைத் தொடங்கினார். 'டிராகுலா' முழுக்க ஆவணங்களால் கட்டப்பட்ட நாவல். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு, ஒரு கப்பலின் பதிவேடு என்று வரும். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. கிர்க்லேண்ட் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, அந்தந்த நாளில் சந்தாதாரருக்கு அனுப்பினார். 'டிராகுலா டெய்லி' என்று பெயர் வைத்தார். ஸ்டோக்கர் 1912இல் இறந்துவிட்டார். நாவல் என்றோ பொதுவுடைமை ஆகிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் ஆண்டு சிறிய கூட்டம். 2022இல் டம்ப்ளர் என்ற சமூக வலைத்தளத்தில் இருந்த இளைஞர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அந்த ஆண்டே சந்தாதாரர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மறு ஆண்டு அந்தத் தொடர், வாசகர்கள் எழுதிய குறிப்புகளும் சேர்ந்து அச்சுப் புத்தகமாக வந்தது. பாட்காஸ்ட் பிறந்ததும் அதே அலையில்தான். ஆகவே கேட்டவர்களில் கணிசமானோர் முந்தைய ஆண்டு மின்னஞ்சலில் வாசித்து முடித்தவர்கள். இரண்டாம் முறை வருகிறவர்கள், முதன்முறை வருகிறவர்களோடு கலந்து உட்கார்ந்த கூட்டம் அது. இந்தக் கலப்பை மறந்துவிட்டால் பிறகு வந்த எதிர்வினைகள் புரியாது.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஸ்டோக்கர் இந்த நாவலைத் தொடராக எழுதவில்லை. ஒரே தொகுதியாகத்தான் வெளியிட்டார். நாள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தது இந்த நூற்றாண்டு செய்த வேலை. ஆனால் பிரிப்பதற்கான கோடுகள் எல்லாம் நூலுக்குள்ளேயே போடப்பட்டிருந்தன. வேறு எந்தப் பெரிய நாவலை எடுத்து இப்படி வெட்டினாலும் இரத்தம் கசியும். இதில் கசியவில்லை.

அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்

மே 3ஆம் தேதிக் குறிப்பில் ஜோனதன் எழுதுவது என்ன? ரயில் ஒரு மணி நேரம் தாமதம். கிழக்கே போகப் போக ரயில்கள் நேரம் தவறுகின்றன. இரவு மிளகாய்த்தூள் போட்டுச் செய்த கோழிக்கறி சாப்பிட்டான். நன்றாக இருந்தது, தாகம் எடுத்தது. மினாவுக்காகச் செய்முறை கேட்டு வாங்க வேண்டும் என்று அடைப்புக்குள் தனக்கே ஒரு நினைவூட்டல். முதல் வழக்கு வேலைக்காக டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகும் ஓர் இளம் வழக்குரைஞன், வருங்கால மனைவிக்குச் சொல்வதற்காகச் சின்னச் சின்ன விஷயங்களைக் குறித்துக்கொள்கிறான்.

இங்கிருந்துதான் முதல் எதிர்வினை எழுந்தது. அதில் பயமே இல்லை, பிரியம்தான். 'என் நண்பன் ஜோனதனிடமிருந்து இன்று கடிதம் வந்திருக்கிறது' என்ற தொனியில் ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். அந்தக் கோழிக்கறியைப் பலர் வீட்டில் சமைத்துப் பார்த்தார்கள். விடுதிக்காரி சிலுவை மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டபோதும், வண்டியில் கூட வந்தவர்கள் கண்ணேறு படாமலிருக்க விரலைக் காட்டியபோதும், 'போகாதே, திரும்பிவிடு' என்று அவனோடு வாதாடினார்கள்.

1897இன் வாசகருக்கு இந்த நிலை வாய்க்கவில்லை. அவருக்கு 'டிராகுலா' என்பது எங்கேயும் கேள்விப்படாத அந்நியப் பெயர். ஸ்டோக்கரே 1890 கோடையில் விட்பி ஊர் நூலகத்தில் ஒரு பழைய பயண நூலில்தான் அந்தப் பெயரைக் கண்டெடுத்தார். அதற்கு முன் அவருடைய குறிப்பேட்டில் அந்தப் பாத்திரத்தின் பெயர் 'வாம்பிர் பிரபு', அதாவது இரத்தக் காட்டேரிப் பிரபு. அன்றைய வாசகர் ஜோனதனோடு சேர்ந்து தானும் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார். இன்று உலகத்தில் குழந்தைகூட அந்தப் பெயரைக் கேட்டால் கோரைப்பல்லைத்தான் நினைக்கும். ஆக, மர்மம் முழுசாகப் போய்விட்டது. போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, கதைக்குள் இருக்கும் ஒருவனுக்கு மட்டும் தெரியாது. விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் துகிலுரிதலுக்காகக் காத்திருக்கும் சனத்துக்குக் கதை தெரியாமலா இருக்கிறது? தெரிந்திருப்பதால்தான் அழுகிறார்கள். இங்கேயும் அப்படித்தான் நடந்தது.

மே 8ஆம் தேதிப் பதிவில் ஒரு சின்ன விவரம் உண்டு. கோட்டையில் வேலைக்காரர் யாரும் இல்லை. பிரபுவே படுக்கையைச் சரிசெய்வதையும், பிறகு கதவிடுக்கு வழியே, அவரே மேசையில் சாப்பாடு எடுத்துவைப்பதையும் ஜோனதன் பார்த்துவிடுகிறான். நாவலில் அது திகிலான கண்டுபிடிப்பு. அப்படியானால் தன்னைக் காட்டுவழியில் கூட்டிவந்த வண்டிக்காரனும் இவர்தான் என்று அவனுக்கு உறைக்கிறது. கேட்டவர்களோ, விருந்தாளிக்காக அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடித் திரியும் கிழப் பிரபுவைக் கற்பனை செய்து படம் வரைந்து சிரித்தார்கள். இலக்கியத்தை மதிக்கத் தெரியாத தலைமுறை என்று சிலர் இதைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் எனக்கு ஏற்புடையதில்லை. அந்த விவரத்தைக் கவனிக்காமல் சிரிக்க முடியாது. வரி வரியாக வாசித்தவர்கள்தான் சிரித்தார்கள். அதே கூட்டம், மே 12 அன்று பிரபு பல்லியைப் போலத் தலைகீழாகச் சுவரில் இறங்கிப் போவதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

காத்திருப்பு

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி.

மே 19 அன்று டிராகுலா ஜோனதனை மூன்று கடிதங்கள் எழுதச் சொல்கிறான். வேலை முடியப்போகிறது என்று ஒன்று, மறுநாள் காலை கிளம்புகிறேன் என்று ஒன்று, கோட்டையை விட்டுக் கிளம்பிப் பிஸ்ட்ரிட்ஸ் ஊருக்கு வந்துவிட்டேன் என்று ஒன்று. தேதிகளையும் அவனே சொல்கிறான்: ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தன் ஆயுளின் அளவு இப்போது தெரிந்துவிட்டது என்று ஜோனதன் எழுதுகிறான். புத்தகத்தில் இதை வாசிப்பவர் பக்கத்தைத் திருப்பி ஜூன் 29க்கு அரைமணி நேரத்தில் போய்விடலாம். தேதிவாரியாகக் கேட்டவருக்கு நாற்பது நாளுக்கு மேல் இருக்கிறது. அதிலும் மே 31க்குப் பிறகு ஜூன் 17 வரை ஜோனதனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளி புத்தகத்தில் வெறும் ஒரு வரி அளவு வெற்றிடம். கேட்டவர்களுக்கோ அது நிஜமான இரண்டரை வாரம். வேலைக்குப் போனார்கள், வந்தார்கள், போனைப் பார்த்தார்கள், எதுவும் இல்லை. 'அவன் எப்படியிருக்கிறானோ' என்று கேட்டு எழுதினார்கள். கற்பனைப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும், இருந்தும் கேட்டார்கள்.

ஜூன் 30 அன்று சுவரில் இறங்கித் தப்பிக்க முயலப்போகிறேன் என்று எழுதிவிட்டு ஜோனதன் மறைகிறான். பிறகு ஜூலை 26 அன்று இங்கிலாந்தின் விட்பியில் இருக்கும் மினா எழுதுகிறாள்: ஜோனதனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருக்கிறது, டிராகுலா கோட்டையிலிருந்து, ஊருக்குக் கிளம்புகிறேன் என்று, இது அவன் எழுதுகிற மாதிரியே இல்லையே. கேட்பவருக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்த வரி மே 19 அன்று மிரட்டி எழுதி வாங்கியது என்று மினாவுக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு மேல் அந்தக் கடிதத்தை மனதில் சுமந்துகொண்டிருந்தவருக்கு மட்டும் அந்த ஒரு வரியின் கனம் தெரியும். வேகமாகப் படித்து முடிப்பவர் இதைத் தவறவிடவே வாய்ப்பு அதிகம். புத்தகத்தில் மறைந்து கிடந்த ஒரு விசையை நாள்காட்டி இழுத்துவிட்டது.

தேதிவாரி அடுக்கு வேறொன்றையும் செய்தது. நாவலில் முதல் நான்கு அத்தியாயங்களும் ஜோனதனின் டைரி மட்டுமே. கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட மூச்சுமுட்டலை வாசகரும் அனுபவிப்பார். மினாவும் அவள் தோழி லூசியும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள் ஐந்தாம் அத்தியாயத்தில்தான் வருகின்றன, மே 9 என்று பின்னோக்கிய தேதியோடு. தேதிப்படி அடுக்கினால் அவை கோட்டைக் குறிப்புகளுக்கு நடுவே வந்து விழுகின்றன. மே 8 அன்று 'இது சிறை, நான் கைதி' என்கிறான் ஜோனதன். மே 9 அன்று மினா, தான் சுருக்கெழுத்து பழகுவதைப் பற்றியும் அவன் திரும்பி வந்து சொல்லப்போகும் பயணக் கதைகளைப் பற்றியும் உற்சாகமாக எழுதுகிறாள். ஸ்டோக்கர் திட்டமிட்ட மூச்சுமுட்டல் இதனால் கலைந்தது உண்மை. கிடைத்த வேதனை அதற்கு ஈடாகுமா என்று கேட்டவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசினார்கள். முதன்முறை படிப்பவர் புத்தகத்தின் வரிசையிலேயே படிக்க வேண்டும் என்பதே என் நிலை. இரண்டாம் முறைக்கு இந்த வரிசை ஒப்பற்றது.

கப்பல் பகுதியில் மட்டும் எனக்கு இரண்டு மனது கிடையாது. டிராகுலா மறைந்து வரும் டிமீட்டர் என்ற கப்பல் கருங்கடல் துறைமுகமான வர்னாவிலிருந்து ஜூலை 6 அன்று கிளம்புகிறது. ஆகஸ்ட் 8 விடியுமுன், இறந்த கப்பல் தலைவனின் கை சுக்கானோடு கட்டப்பட்ட நிலையில், விட்பித் துறைமுகத்தில் தரைதட்டுகிறது. 1885இல் டிமித்ரி என்ற ருஷ்யக் கப்பல் அதே கரையில் உடைந்த செய்தியை ஸ்டோக்கர் ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்கியிருந்தார். நாவலில் முதலில் விபத்து, பிறகு கப்பல் தலைவனின் பதிவேடு. முடிவு தெரிந்தபின் வாசிக்கிறோம். தேதிவாரியில் நாளுக்குச் சில வரி. ஒரு மாலுமியைக் காணவில்லை. இன்னொருவனைக் காணவில்லை. மூடுபனி. மறுபடி ஒருவன். கேட்டவர்கள் மாலுமிகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு கப்பல் தங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும் உணர்வை எந்தப் படமும் அவர்களுக்குத் தந்ததில்லை.

லூசி

மே 24ஆம் தேதிக் கடிதத்தில் லூசிக்கு ஒரே நாளில் மூன்று பேர் காதல் சொல்கிறார்கள். ஒருவர் மனநல மருத்துவர் சீவர்ட், ஒருவர் டெக்ஸஸ் ஊர்க்காரர் க்வின்சி மாரிஸ், மூன்றாமவர் அவள் மனசுக்குப் பிடித்த ஆர்தர். மூன்று பேரையும் ஒரு பெண் மணந்துகொள்ள ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று, மறுக்கப்பட்டவர்களின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தோழிக்கு எழுதுகிறாள். இந்த வரியை வைத்து அவளை ஒழுக்கம் கெட்டவளாகக் காட்டிய விமர்சனங்களும் படங்களும் உண்டு. குரலில் கேட்டவர்களுக்கு அவள் இரக்கம் மிகுந்த ஒரு சின்னப் பெண்ணாகத்தான் கேட்டாள். அதே கடிதத்தில் அவள் சொல்கிறாள்: வருகிற செப்டம்பரில் எனக்கு இருபது வயது.

அவள் இறப்பது செப்டம்பர் 20.

அந்த மாதத்தின் எதிர்வினைகள்தான் மொத்த ஓட்டத்திலும் உக்கிரமானவை. இரவில் டிராகுலா லூசியின் இரத்தத்தைக் குடிப்பதைத் தடுக்க, சீவர்டின் ஆசிரியரான மருத்துவர் வான் ஹெல்சிங் அவள் அறையெங்கும் பூண்டுப் பூவை வைத்துவிட்டுப் போகிறார். அறையில் காற்றில்லை, நாற்றம் வேறு என்று அவளுடைய அம்மா அன்பு மிகுதியால் பூவை எடுத்துவிட்டுச் சன்னலையும் திறந்துவைக்கிறாள். கோபம் வெடித்தது, ஆனால் யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. அம்மாவுக்கு யாரும் காரணம் சொல்லவே இல்லையே. இதயக் கோளாறு உள்ளவள், அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று எல்லோரும் மறைத்தார்கள். பிறகு செப்டம்பர் 17. இன்றிரவு லூசியின் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வான் ஹெல்சிங் அனுப்பிய தந்தியில் மாவட்டத்தின் பெயரைப் போட மறந்துவிட்டார்கள். தந்தி வேறு ஊருக்குப் போய், 22 மணி நேரம் தாமதமாக வந்து சேருகிறது. நாவலில் இது தந்தியின் தலைப்பில் ஒரு சின்னக் குறிப்பு. பலர் வாசிக்காமலே தாண்டியிருப்பார்கள். செப்டம்பர் 17 அன்று அதைக் கேட்டவர் அந்த இரவு முழுக்க, எங்கோ ஒரு தந்தி தப்பான ஊரில் கிடக்கிறது என்ற நினைப்போடு படுக்கப் போனார்.

'டிராகுலா'வின் பெருந்துயரம் அசுரனின் பலத்திலிருந்து வருவதைவிட, நல்லவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் மறைப்பதிலிருந்தும் சொன்னது நேரத்துக்குப் போய்ச் சேராததிலிருந்தும்தான் அதிகம் வருகிறது. அறிஞர்கள் சொல்லி இது கேட்டவர்களுக்குப் புரியவில்லை. அந்த வாரத்தை வாழ்ந்து கடந்ததால் புரிந்தது. அவர்களுடைய பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே கெஞ்சல்: 'உட்கார்ந்து பேசுங்களேன்.'

மெழுகு உருளையும் காதுக்குழலும்

அவர்கள் பேசுகிறார்கள். செப்டம்பர் 29 அன்று.

சீவர்ட் தன் நாட்குறிப்பை எழுதுவதில்லை. போனோகிராஃப் கருவியில் மெழுகு உருளைகளில் பேசிப் பதிகிறார். 1897இல் அது இன்னும் புதுமை மாறாத சாதனம். மினா அவருடைய அறைக்கு வந்து அதைப் பார்த்து வியக்கிறாள். மாதக்கணக்காகப் பதிந்துகொண்டே வந்த சீவர்டுக்கு, குறிப்பிட்ட ஒரு இடத்தைத் தேடி எடுப்பது எப்படி என்று அதுவரை தோன்றவே இல்லை. பாட்காஸ்ட் கேட்கிற எல்லோருக்கும் தெரிந்த அதே தவிப்பு. முதலில் தயங்குகிறார், பிறகு கேட்கக் கொடுக்கிறார். கவை போன்ற உலோகத்தைக் காதில் வைத்துக்கொண்டு மினா கேட்கிறாள். அவள் கூச்சமின்றிக் கேட்கட்டும் என்று அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறார்.

கேட்டு முடித்த மினா சொல்வதன் சாரம் இது: அற்புதமான கருவிதான், ஆனால் இரக்கமில்லாத அளவுக்கு உண்மை பேசுகிறது. உங்கள் இதயத்தின் வேதனையை அந்தத் தொனியிலேயே கேட்டேன். இன்னொருவர் அதைக் கேட்கக் கூடாது. நான் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டேன்; இனி யாரும் உங்கள் இதயத் துடிப்பை நான் கேட்டதுபோலக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு செவ்வியல் நாவலுக்குள்ளேயே ஒலிப்பதிவைக் கேட்ட ஒரு பெண்ணின் எதிர்வினை இவ்வளவு நுட்பமாகப் பதிவாகியிருக்கிறது. அச்சில் படிக்கும்போது மினாவின் சொற்களை நாம் நம்புகிறோம், ஆனால் அவள் கேட்டதை நாம் கேட்பதில்லை. அவள் தட்டச்சு செய்த பிரதிதான் நமக்குக் கிடைப்பது. அதற்குப் பிறகு, அக்டோபர் 3 அதிகாலை, டிராகுலா அந்த அறைக்குள் புகுந்து கையெழுத்துப் படிகளோடு உருளைகளையும் தீயில் போடுகிறான். மெழுகு நெருப்பை இன்னும் வளர்த்தது என்று எழுதியிருக்கிறது. குரல் எரிந்துபோனது, எழுத்து தப்பியது. அதனால்தான் நாவலின் கடைசிக் குறிப்பில், நம்மிடம் மூல ஆவணம் என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, தட்டச்சுக் குவியல்தான் இருக்கிறது என்று ஜோனதன் வருந்துகிறான்.

பாட்காஸ்ட் அந்த எரிந்த குரலைத் திருப்பிக் கொடுத்தது. சீவர்டாகப் பேசியவர் ஜொனாதன் சிம்ஸ். 2016 முதல் 2021 வரை ஓடிய ஒரு புகழ்பெற்ற திகில் பாட்காஸ்டை எழுதி, அதில் ஆவணக் காப்பாளராக நடித்தவர் அவர். அதில் அவர் வேலையே அமானுஷ்ய வாக்குமூலங்களைப் பழைய டேப் ரிக்கார்டரில் வாசித்துப் பதிவதுதான். அந்தக் குரல் மறுபடி ஒரு பதிவுக்கருவியின் முன் உட்கார்ந்ததும் பழைய ரசிகர்கள் துள்ளினார்கள். அது ஆரம்ப நாட்களின் குதூகலம். லூசி இறந்த பிறகு, விரும்பிய பெண்ணை இழந்த ஒருவன் மருத்துவனின் மொழியில் அதை அடக்கி அடக்கிப் பேசும்போது, குதூகலம் அடங்கி எதிர்வினையின் நிறமே மாறியது. சீவர்டைக் குளிர்ந்த மனிதன் என்று எழுத்தில் ஒதுக்கியிருந்த பலர், செவியில் கேட்டபின் மனம் மாறியதாக எழுதினார்கள். மினாவுக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடந்தது. அதே கருவி, அதே காது, அதே இரக்கம். இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். நடிகரின் வேலையை லைசியம் அரங்கின் மேலாளராக 27 ஆண்டுகள் அருகிருந்து பார்த்தவர் ஸ்டோக்கர். ஒரே சொல் தாளிலும் தொண்டையிலும் வேறுபடும் விதம் அவருக்குத் தெரிந்திருந்தது.

படங்கள் சொன்ன கதையோடு ஒரு சண்டை

வந்தவர்களில் பெரும்பாலோர் படங்கள் வழியே டிராகுலாவை அறிந்தவர்கள். 1931 ஹாலிவுட் படத்தில் டிரான்சில்வேனியா போவது, நாவலில் சீவர்டின் மனநோயாளியான ரென்ஃபீல்ட்; க்வின்சியும் ஆர்தரும் கிடையவே கிடையாது. 1992 படம் மினாவுக்கும் டிராகுலாவுக்கும் நூற்றாண்டுகள் கடந்த காதல் என்றது. நாவலில் அப்படிக் காதல் எதுவும் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் மினாவுக்கு நடப்பது வன்முறை. அதைக் கேட்டபின் படத்தின்மேல் எழுந்த கோபம் நேர்மையான கோபம். அந்த இரவுக்குப் பின் ஜோனதன் தன் டைரியில் எழுதுவதைக் கேட்டு நெகிழாதவர் குறைவு: மினா இறுதியில் இரத்தக் காட்டேரியாகத்தான் ஆக வேண்டுமென்றால், அந்தப் பயங்கர உலகத்துக்குள் அவள் தனியாகப் போகமாட்டாள். திரையில் சோப்ளாங்கியாகக் காட்டப்பட்ட ஜோனதன், கூர்க்காக் கத்தியோடு பிரபுவைத் துரத்துகிறவன் என்பதும், இறுதியில் க்வின்சியின் கத்திதான் இதயத்தில் பாய்கிறது என்பதும் பலருக்குப் புதுச் செய்தி. ரயில் அட்டவணைகளை மனப்பாடமாக வைத்திருந்து வேட்டைக்கு வழி கணக்கிடும் மினாவை எந்தப் படமும் ஏன் முழுசாகக் காட்டவில்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆர்சன் வெல்ஸ் 1938 ஜூலை 11 அன்று தன் வானொலி நாடக வரிசையைத் தொடங்கியதே 'டிராகுலா'வில்தான். ஒரு மணி நேரத்துக்குள் முழுக் கதை. அருமையான வேலை, ஆனால் மேலே சொன்ன எதுவும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடக்க இடமில்லை.

குறைகள்

அக்டோபர் எல்லோரையும் சோதித்தது. சில நாள் பதிவு இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். அக்டோபர் 3 போன்ற நாட்களில் அத்தியாயங்கள் மொத்தமாக ஒரே தேதியில் குவியும். வேலைக்கு நடுவே கேட்பவர்கள் பின்தங்கினார்கள். பின்தங்கியவருக்குத் தேதியின் மந்திரம் போய்விடும். பிறகு அது சாதாரண ஒலிநூல்தான். வான் ஹெல்சிங்கின் நீளமான, இலக்கணம் தடுமாறும் பேச்சுகள் காதுக்கு இன்னும் நீளமாகத் தெரிந்தன.

நாவலின் வெறுப்புகளும் ஒலியில் உரத்துக் கேட்டன. ரோமா மக்கள் பிரபுவின் அடியாட்களாக மட்டும் வருகிறார்கள். அக்டோபர் 30 பதிவில் ஒரு யூத வணிகர் மூக்கை வைத்து இகழப்படுகிறார். தனியாகப் படிப்பவர் முகம் சுளித்துப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எல்லோரும் ஒரே நாளில் ஒரே வரியைக் கேட்கும்போது அப்படித் தாண்ட முடியாது. வாதங்கள் நடந்தன; சிலர் சூடாகவும் பேசினார்கள். கிழக்கிலிருந்து வரும் அந்நியனைக் கண்டு விக்டோரியா காலத்து இங்கிலாந்து கொண்ட அச்சம்தான் இந்த நாவலின் அடித்தளம் என்பதைப் பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். நாள்தோறும் கேட்கிற முறையின் பலன்களில் இதையும் ஒன்றாகவே சேர்க்கிறேன்.

சான்றின் வரம்பையும் சொல்ல வேண்டும். கண்ணில் படுவது எழுதியவர்களின் எதிர்வினை மட்டுமே. மின்னஞ்சல் சந்தா எண்ணிக்கை, படித்து முடித்தவர் எண்ணிக்கை ஆகாது. வரைந்தும் எழுதியும் களித்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், ஆங்கிலத்தில் புழங்குகிறவர்கள். அமைதியாகக் கேட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி இந்தச் சான்றுகள் வாய் திறக்காது.

தமிழில் எதை எடுக்கலாம்

தொடர்கதைக்காக வாரப் பத்திரிகையை எதிர்பார்த்து வளர்ந்த நமக்குக் காத்திருந்து படிப்பது புதிதில்லை. ஆனால் தொடர்கதையின் இடைவெளியைத் தீர்மானித்தது பத்திரிகை. 'டிராகுலா'வில் இடைவெளி கதைக்குள்ளேயே இருக்கிறது. அப்படி உள்ளே தேதி உள்ள தமிழ்ப் பிரதி எது என்று யோசித்தால், முதலில் நிற்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரிவரை, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஒருவர் அன்றன்று கண்டதையும் கேட்டதையும் எழுதியது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைப் பட்டணத்தைப் பிடித்த சேதி வந்து சேர்வதும், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, அந்த ஆண்டு செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்படுவதும் அதில் நாள் நாளாக இருக்கிறது.

வேறுபாடுகள் உண்டு. அது நாவல் இல்லை. முடிச்சும் அவிழ்ப்பும் யாரும் திட்டமிட்டு வைத்தவை அல்ல. கால் நூற்றாண்டை ஓர் ஆண்டுக்குள் அடக்க முடியாது. பேச்சுவழக்கும் பிரெஞ்சுப் பெயர்களும் பழைய நாணயக் கணக்குகளும் நிறைந்த நடையைக் காதுக்குக் கொண்டுவர, பயிற்சியுள்ள குரலும் உடன் ஒரு சிறு விளக்கமும் வேண்டும். 1748 ஆகஸ்ட் தொடங்கி அக்டோபரில் முற்றுகை விலகும்வரையான பகுதியை மட்டும் எடுத்து, அந்தந்தத் தேதியில் ஒலிபரப்பினால் போதும் என்று நினைக்கிறேன். குண்டு விழாத நாட்களில் அவர் எழுதியிருக்கும் அரிசி விலையையும் வீட்டு விசேஷங்களையும் வெட்டக் கூடாது. ஜோனதனின் கோழிக்கறியை யாராவது வெட்டியிருந்தால், மே 3 அன்று அவனுக்கு அத்தனை நண்பர்கள் கிடைத்திருக்கமாட்டார்கள்.